636701636701: பின்கோடு கட்டங்களில் கிடைத்த ஓர் எண்

தருமபுரியின் பின்கோடு 636701. அதை இடைவெளி விடாமல் இரண்டு முறை எழுதினால் 636701636701 என்று பன்னிரண்டு இலக்க எண் ஒன்று வரும். ஒரு சனிக்கிழமை பிற்பகல் முழுவதும் எங்கள் கணக்கு வகுப்பு இந்த எண்ணோடு மல்லுக்கட்டியது. அன்று நான் செய்த இரண்டு தவறுகள் பிள்ளைகளைத் தவறான விடைக்குக் கொண்டுபோயின. அந்தத் தவறுகளும் எண்ணின் உண்மையான குணங்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

வகுப்பு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. நான்கு ரோடு பக்கம் ஒரு வீட்டு மாடியில், எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை படிக்கும் ஏழு பிள்ளைகள். பாடத்திட்டம் கிடையாது. அவர்கள் கொண்டுவரும் கேள்விதான் அன்றைய பாடம். அன்று ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு தேர்வு விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். தற்போதைய முகவரியின் பின்கோடுக்கு ஆறு கட்டம், நிரந்தர முகவரிக்கு ஆறு கட்டம். இரண்டும் ஒரே வரிசையில், நடுவே ஒரு மெல்லிய கோடு மட்டும். அவளுக்கு இரண்டும் ஒரே வீடு. எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்து கேட்டாள்: "சார், சேர்த்துப் படிச்சா பன்னிரண்டு இலக்கம் வருது. இது பகா எண்ணா?"

கேட்டதோடு நிற்கவில்லை, பாதி வேலையை அவளே முடித்து வைத்திருந்தாள். கடைசி இலக்கம் 1, அதனால் 2ஆலும் 5ஆலும் வகுபடாது. இலக்கங்களின் கூடுதல் 23ம் 23ம் சேர்ந்து 46, அதனால் 3ஆலும் வகுபடாது. நெடுவகுத்தல் செய்து, 7ஆல் வகுத்தால் மீதி 4, 11ஆல் வகுத்தால் மீதி 9 என்று கண்டுபிடித்திருந்தாள். எல்லாமே சரி. இன்னும் ஒரே ஒரு பகா எண்ணை முயன்றிருந்தால், அதாவது 13ஐ, கதை அங்கேயே முடிந்திருக்கும். கை வலித்ததால் நிறுத்திவிட்டாள்.

நான் எண்ணைக் கரும்பலகையில் எழுதினேன். இங்கேதான் முதல் தவறு. பன்னிரண்டு இலக்கம் என்றதும் ஆதார் எண்ணுக்குப் பழகிய கை தானாக நான்கு நான்காகப் பிரித்துவிட்டது: 6367 0163 6701. படிவத்தில் கண்ணுக்கு முன்னால் இருந்த ஒன்று பலகைக்கு வந்ததும் மறைந்துபோனது. நம் வழக்கப்படி காற்புள்ளி போட்டாலும் 6,36,70,16,36,701 என்றுதான் வரும். அறுபத்து மூவாயிரத்து அறுநூற்று எழுபது கோடியே பதினாறு லட்சத்து முப்பத்தாறாயிரத்து எழுநூற்று ஒன்று என்று வாய்விட்டுப் படித்தாலும் ஒரே எண் இரண்டு முறை வந்திருப்பது காதில் விழாது.

அப்புறம் வேலையைப் பங்கு பிரித்தோம். 13 முதல் 61 வரை உள்ள பகா எண்களை ஆளுக்குக் கொஞ்சமாகக் கொடுத்தேன். கால்குலேட்டர் வைத்திருந்தவர்கள் வகுத்துப் பார்த்து, புள்ளி வந்தால் "வகுபடாது சார்" என்று சொல்ல வேண்டும். நான் பலகையில் ஒவ்வொன்றுக்கும் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே வந்தேன். நாற்பது நிமிடத்தில் எல்லா எண்ணுக்கும் குறி விழுந்துவிட்டது. அந்தப் பெண்ணின் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். தன் ஊர் பின்கோடுக்குள் ஒரு பெரிய பகா எண்ணைக் கண்டுபிடித்துவிட்டதாகவே நினைத்தாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கால்குலேட்டர் இல்லாததால் சும்மா உட்கார்ந்திருந்தான். அவன் பலகையைப் பார்க்கவில்லை, விண்ணப்பப் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "சார், இது ஒரே நம்பர்தானே ரெண்டு தடவை இருக்கு? அப்ப 636701ஐ எதாலயோ பெருக்கினதாத்தானே இருக்கணும்?"

அன்றைக்கு அந்த மாடியில் பேசப்பட்டதில் இதைவிடச் சிறந்த வாக்கியம் இல்லை. இடது பாதியில் இருக்கும் 636701, இடத்தால் பத்து லட்சம் மடங்கு. வலது பாதி ஒரு மடங்கு. ஆக மொத்தம் பத்து லட்சத்து ஒரு மடங்கு:

636701636701 = 636701 × 1000001

இதில் தருமபுரிக்கு மட்டும் உரியது எதுவும் இல்லை. எந்த ஆறிலக்க எண்ணை இரட்டித்து எழுதினாலும் 1000001 உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். எனவே நாட்டில் உள்ள எந்தப் பின்கோடை இப்படி எழுதினாலும் பகா எண் கிடைக்காது. மூன்றிலக்க எண்ணை இரட்டித்தால் 1001 வரும். அது 7 × 11 × 13 என்பதைப் பலர் ஒரு வித்தையாகவே தெரிந்து வைத்திருப்பார்கள். 1000001 அவ்வளவு பிரபலம் இல்லை.

அதை உடைக்க ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதம் போதும். 1000001 என்பது 100இன் கனத்தோடு 1 சேர்ந்தது. அ³ + 1 = (அ + 1)(அ² − அ + 1). அ என்ற இடத்தில் 100 போட்டால் முதல் அடைப்பு 101, இரண்டாவது 10000 − 100 + 1, அதாவது 9901. பெருக்கிப் பார்த்தோம், சரியாக வந்தது. 101 பகா எண் என்பது எல்லோருக்கும் தெரியும். 9901க்குப் பிறகு வருகிறேன், அது தனியாக நின்று பார்க்க வேண்டிய எண்.

மீதி இருப்பது 636701. இங்கே 1001 கைகொடுக்கிறது. ஆயிரம் என்பது 1001க்கு ஒன்று குறைவு. அதனால் ஒரு எண்ணை வலமிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரித்து, மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்தால், 7, 11, 13 மூன்றுக்கும் ஒரே கழித்தலில் பதில் கிடைக்கும். 701 − 636 = 65. அது 13இன் மடங்கு. 7, 11 இரண்டின் மடங்கும் இல்லை. அந்தப் பெண் பக்கம் பக்கமாக வகுத்துக் கண்டது இந்த ஒரு வரியில் அடங்கிவிட்டது, அவள் நிறுத்திய இடத்துக்கு அடுத்த படியும் சேர்த்து. முழுப் பன்னிரண்டு இலக்கத்துக்கும் செய்தால் 65 இரண்டு முறை வந்து 130 ஆகும். அதை 7ஆல் வகுத்தால் மீதி 4, 11ஆல் வகுத்தால் மீதி 9. அவள் நெடுவகுத்தலில் பெற்ற அதே மீதிகள்தான். ஒப்பிட்டுப் பார்த்ததும் அவளே கைதட்டினாள்.

636701 ÷ 13 = 48977. அடுத்து 17. இதற்கும் ஒரு வழி உண்டு. 102 என்பது 17இன் ஆறு மடங்கு, எனவே நூறு என்பது 17இன் மடங்குக்கு 2 குறைவு. இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்து, வலமிருந்து முதல் துண்டை அப்படியே எடுத்து, அடுத்ததை இரட்டித்துக் கழித்து, அதற்கடுத்ததை நான்கால் பெருக்கிக் கூட்ட வேண்டும். 4, 89, 77 என்ற துண்டுகளுக்கு 77 − 178 + 16 = −85. அது 17இன் ஐந்து மடங்கு. 48977 ÷ 17 = 2881.

2881இல்தான் பிள்ளைகளுக்கு ஃபெர்மாவை அறிமுகப்படுத்த முடிந்தது. பதினேழாம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கணிதர். ஓர் ஒற்றை எண்ணை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுத முடிந்தால் காரணிகள் தாமாக வெளிவரும் என்பது அவர் வழி. 2881க்கு மேலே உள்ள முதல் வர்க்கம் 54² = 2916, வித்தியாசம் 35, அது வர்க்கம் இல்லை. அடுத்தது 55² = 3025, வித்தியாசம் 144. அது 12இன் வர்க்கம். ஆகவே 2881 = (55 − 12)(55 + 12) = 43 × 67. இரண்டே எட்டில் முடிந்தது. இரண்டு காரணிகளும் ஒன்றுக்கொன்று அருகில் இருந்தால் இந்த வழி பறக்கும், தூரமாக இருந்தால் இழுத்துக்கொண்டே போகும். இங்கே அருகில் இருந்தது நம் அதிர்ஷ்டம்.

இப்போது 9901. பகா எண்தானா என்று பார்க்க, அதன் வர்க்கமூலம் 99 சொச்சம் என்பதால் 97 வரை உள்ள இருபத்தைந்து பகா எண்களால் வகுக்க வேண்டும் என்பது பள்ளி வழி. ஐந்தே போதும் என்றேன். நம்பவில்லை. காரணம் இதுதான்: 9901ஐ ஒரு பகா எண் வகுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 1000001ஐயும் வகுக்கும். அப்படியானால் அந்தப் பகா எண்ணால் வகுக்கும்போது 10இன் ஆறாம் அடுக்கு விடும் மீதி −1 (அதாவது ஒரு மடங்குக்கு ஒன்று குறைவு), பன்னிரண்டாம் அடுக்கு விடும் மீதி 1. முதன்முதலில் 1 வருவது எந்த அடுக்கில்? 12ஐ வகுக்கும் எண்ணாக இருக்க வேண்டும், ஆனால் 6ஐ வகுக்கக் கூடாது. 4 அல்லது 12 மட்டுமே மிச்சம். 4 என்றால் அந்தப் பகா எண் 101ஆகத்தான் இருக்க வேண்டும், ஆனால் 101ஆல் 9901ஐ வகுத்தால் 3 மிஞ்சுகிறது. ஆக, 12. ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி, அந்தப் பகா எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் 12ஆல் வகுபட வேண்டும். நூறுக்குள் அப்படிப்பட்டவை 13, 37, 61, 73, 97 மட்டும். வகுத்தால் மீதி முறையே 8, 22, 19, 46, 7. எதுவும் பூச்சியம் இல்லை. 9901 பகா எண்.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. 1ஐ 9901ஆல் வகுத்தால் தசமத்தில் 000100999899 என்ற பன்னிரண்டு இலக்கங்கள் திரும்பத் திரும்ப வரும். மிகச் சரியாகப் பன்னிரண்டு இலக்கச் சுழற்சி உள்ள பகா எண் உலகில் இது ஒன்றுதான். பின்கோடை இரட்டித்த ஒவ்வொருவர் கையிலும் இந்த அபூர்வ எண் ஒளிந்திருக்கிறது.

எல்லாவற்றையும் சேர்த்தால்:

636701636701 = 13 × 17 × 43 × 67 × 101 × 9901

ஆறு பகாக் காரணிகள், எதுவும் இரண்டு முறை வரவில்லை. ஒவ்வொரு காரணியையும் எடுக்கலாம் அல்லது விடலாம் என்பதால் மொத்த வகுத்திகள் 2இன் ஆறாம் அடுக்கு, அதாவது 64. அவற்றின் கூடுதல் காண ஒவ்வொரு பகா எண்ணோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும்: 14 × 18 × 44 × 68 × 102 × 9902 = 761526855936. எண்ணையே கழித்துவிட்டால் மிச்ச வகுத்திகளின் கூடுதல் 124825219235. எண்ணில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இத்தனை காரணிகள் இருந்தும் இது ஒரு குறை எண்தான், அதாவது தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூடுதல் தன்னைவிடக் குறைவாக உள்ள எண். 2, 3, 5 என்ற சின்னக் காரணிகள் இல்லாததால் கூடுதல் ஏறவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது வர்க்கக் கணக்கு. 4ஆல் வகுத்து 1 மிஞ்சும் பகா எண்களை எல்லாம் இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுதலாம். ஃபெர்மா சொன்னது, ஆய்லர் நிரூபித்தது. 13 = 4 + 9, 17 = 1 + 16, 101 = 1 + 100, 9901 = 100 + 9801, அதாவது 10² + 99². நான்கும் அழகாக உடைகின்றன. ஆனால் 43, 67 இரண்டும் 4ஆல் வகுத்து 3 மிஞ்சுபவை. அவை ஒற்றை முறை மட்டும் வந்திருப்பதால் முழு எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எந்த வகையிலும் எழுத முடியாது. 636701636701ஐ 4ஆல் வகுத்தால் மீதி 1தான். வெளியிலிருந்து பார்த்தால் முடியும் போலத் தோன்றும், காரணிகளைத் திறந்தால்தான் முடியாது என்று தெரியும்.

சரி, கால்குலேட்டர்கள் ஏன் எல்லாவற்றையும் "வகுபடாது" என்றன? இது என் இரண்டாவது தவறு. பிள்ளைகளிடம் இருந்தவை திரையில் பத்து இலக்கம் மட்டும் காட்டும் சயின்டிஃபிக் வகை. 17ஆல் வகுத்தால் உண்மை விடை 37453037453, பதினொரு இலக்கம். திரையில் இடம் போதாது. அதனால் 3.745303745 என்று எழுதி, பக்கத்தில் பத்தின் பத்தாம் அடுக்கு என்று போட்டது. 19ஆல் வகுத்தால் 3.351061246, அதே அடுக்கு. 17 மீதியின்றி வகுக்கிறது, 19 வகுத்தால் மீதி 18. திரையில் இரண்டும் ஒரே தோற்றம். "புள்ளி வந்தால் வகுபடாது" என்று விதி சொன்னது நான். புள்ளி எல்லாவற்றுக்கும் வந்தது, பிள்ளைகள் நான் சொன்னதைத்தான் செய்தார்கள். கருவி எதையும் தவறாகச் சொல்லவில்லை. பதினொன்றாம் இலக்கத்தை அது காட்டவே இல்லை, அதை நான் கேட்கவும் இல்லை. இப்போது வகுப்பில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம்: விடையின் இலக்கங்கள் திரையைத் தாண்டினால் எண்ணை இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் தனியாக வகுத்து, மீதியை அடுத்த பாதிக்கு எடுத்துப்போக வேண்டும்.

இன்னொன்றையும் அன்றே யோசித்திருக்க வேண்டும். 61 வரை எதுவும் வகுக்கவில்லை என்பது உண்மையாகவே இருந்திருந்தாலும் பகா எண் என்ற முடிவுக்கு வந்திருக்கக் கூடாது. இந்த எண்ணின் வர்க்கமூலம் ஏறக்குறைய 7,97,935. அது வரை அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பகா எண்கள் இருக்கின்றன. கணிதர்கள் அடமாரும் டெ லா வல்லே பூசினும் 1896இல் தனித்தனியே நிரூபித்த பகா எண் தேற்றத்தின்படி, இந்த அளவுள்ள எண்களில் ஏறக்குறைய 27க்கு ஒன்றுதான் பகா எண். 2, 3, 5, 7, 11 ஆகியவற்றால் வகுபடாது என்று தெரிந்த பிறகும் ஐந்தாறில் ஒன்று என்ற அளவுக்குத்தான் வாய்ப்பு உயர்கிறது. அந்தப் பெண்ணின் ஊகம் மோசமானது இல்லை. ஆனால் நான் அதை ஊகமாகவே வைத்திருந்திருக்க வேண்டும்.

கிருஷ்ணகிரியிலிருந்து வார இறுதியில் பாட்டி வீட்டுக்கு வரும் பையன் ஒருவன் தன் ஊரை விடவில்லை. கிருஷ்ணகிரியின் பின்கோடு 635001. 1972 ஆகஸ்ட் 15இல் பின்கோடு நடைமுறைக்கு வந்தபோது இரண்டு ஊர்களும் ஒரே தருமபுரி மாவட்டம். 1965இல் சேலத்திலிருந்து பிரிந்த மாவட்டம் அது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல்தான். தருமபுரிக்கு இன்றும் சேலத்தின் 636, கிருஷ்ணகிரிக்கு 635.

அவன் கேட்டது, இரண்டுக்கும் பொதுக் காரணி உண்டா என்பது. பத்தாம் வகுப்புப் பாடத்தில் வரும் யூக்ளிடின் வழிமுறையில் இறங்கினான், வந்த மீதிகள்: 1700, 901, 799, 102, 85, 17, 0. மீப்பெரு பொது வகுத்தி 17. அதற்குள் வேறொருத்தி குறுக்குவழியாக வந்துவிட்டாள். இரண்டையும் வகுக்கும் எண் வித்தியாசத்தையும் வகுக்க வேண்டும். வித்தியாசம் 1700, அதன் பகாக் காரணிகள் 2, 5, 17 மட்டும். இரண்டு பின்கோடும் 1இல் முடிவதால் 2க்கும் 5க்கும் இடமில்லை. இருந்தால் 17தான் இருக்க வேண்டும். 63, 50, 01 துண்டுகளுக்கு 1 − 100 + 252 = 153, 17இன் ஒன்பது மடங்கு. முடிந்தது. 635001 = 3 × 17 × 12451, அந்த 12451 ஒரு பகா எண். அதாவது 635001635001 என்று எழுதினால், இரண்டு ஊர் எண்களுக்கும் 17, 101, 9901 மூன்றும் பொது.

ஊர்களுக்குள் ஏதோ உறவு இருப்பதை இது காட்டுகிறது என்று ஒருவன் ஆரம்பித்தான். அதை உடனே நிறுத்தினேன். 101ம் 9901ம் இரட்டித்து எழுதியதால் வந்தவை, சென்னைக்கும் வரும். 17 வந்ததற்குக் காரணம் வித்தியாசம் 1700ஆக இருப்பது. எண் ஜோதிடம் நம் ஊரில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது, பிள்ளைகள் கணக்கு படிக்கும் இடத்தில் அதற்கு வேலை இல்லை. அதே பேச்சில் அரூரின் 636903ஐயும் உடைத்தோம். 3ஆல் ஐந்து முறை வகுபட்டு 2621 என்ற பகா எண்ணில் போய் நின்றது. அதற்கும் ஒரு காரணமும் இல்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் 3 போனபோது பிள்ளைகள் எழுப்பிய சத்தம் கீழே தெரு வரை கேட்டிருக்கும்.

அடுத்த சனிக்கிழமை அந்தப் பெண் ஒரு தாளோடு வந்தாள். நான்கு நான்காகப் பிரித்ததுதான் உண்மையை மறைத்தது என்று நான் சொல்லியிருந்தேன். அவளுக்கு அதில் திருப்தி இல்லை. மும்மூன்றாகப் பிரித்தால் 1001 உதவுகிறது, இரண்டிரண்டாகப் பிரித்தால் 102 உதவுகிறது, அப்படியானால் நான்கு நான்குக்கும் ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா? பத்தாயிரம் என்பது 9999க்கு ஒன்று அதிகம். 9999 = 99 × 101. ஆகவே நான்கிலக்கத் துண்டுகளைச் சும்மா கூட்டினாலே 101க்கு விடை கிடைத்துவிடும். தாளில் என் பலகை எழுத்து அப்படியே இருந்தது, 6367 0163 6701 என்று. அதன் கீழே கூடுதல் 13231. அதற்கும் கீழே, பென்சிலால் இரண்டு முறை கோடிட்டு: 101 × 131.